பதிலுக்கு விட்ட இடம்

பஸ்ஸில் யாராவது "சாருக்கு என்ன வேலை?" என்று கேட்டால், "ஃப்ளெக்ஸ் கடையில" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கவிஞன் என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் உடனே தன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு நாலு வரி கேட்டார். வடமாலப்பேட்டை டோல்கேட் வருவதற்குள் எழுதியும் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் என் சீட்டுக்கு டிக்கெட் அவர் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எங்கே!

புத்தூரிலிருந்து திருப்பதிக்குத் தினமும் அந்தப் பஸ்தான். கடை முதலாளி தெலுங்குக்காரர். தமிழ்நாட்டு எல்லையோரம் நகரி, விஜயபுரம், சத்தியவேடு பக்கமிருந்து வருகிற தமிழ் ஆர்டர்களுக்கு ஓர் ஆள் வேண்டுமென்று என்னை வைத்திருக்கிறார். காதுகுத்து, புதுமனை, கண்ணீர் அஞ்சலி. "ஏதாவது கவித மாதிரி போடு சார்" என்பார்கள். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் முழிப்பார்கள். நானும் 'கண்களில் ஈரம் காயவில்லை' என்று அடித்துத் தள்ளிவிட்டு அடுத்த ஆர்டருக்குப் போவேன். என் கண் மட்டும் காய்ந்துதான் கிடக்கும். ஊரெங்கும் தொங்குகிற என் வரிகளை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது அவற்றால்தான், பேசி என்ன பிரயோசனம்.

என் நிஜ வேலை நாடகம். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆறேழு பேரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒத்திகை. எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேடை ஏறினவுடன் நம் ஆட்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு 'அன்பே, என் இதயத்தின் அரசியே' என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். வீட்டில் "இன்னாடி, சோறு ஆயிட்ச்சா" என்று கேட்கிறவன் மேடையில் மட்டும் ஏன் அப்படிப் பேச வேண்டும்? என் நாடகத்தில் எல்லோரும் வாசலில் பேசுகிற மாதிரியேதான் பேசுவார்கள். இந்தப் பிடிவாதம்தான் ஒரு நாள் என்னைச் சந்தியில் கொண்டுவந்து நிறுத்தியது.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. என் நடிகர்களுக்கு வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. நான் தமிழில் எழுதிக் கொடுத்தால் ஒருவராலும் படிக்க முடியாது. தமிழ் வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். என் தெலுங்குக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "சார், இதுக்கு அந்தத் தமிழே தேவல" என்றார்கள். அதனால் வாய்ஸ் மெசேஜ். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடை மாடியில் பேப்பர் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனை வாயருகே வைத்துப் பேசி அனுப்புவேன்.

அனுப்புவதிலும் ஒரு முறை வைத்திருந்தேன். அவரவர் வசனத்தை அனுப்புவதில்லை. எதிராளி அவர்களிடம் பேசுவதை மட்டும்தான் பேசி அனுப்புவேன். நடுவில் பதிலுக்கு இடம் விடுவேன். ஒரு வாக்கியம், கொஞ்சம் மௌனம், இன்னொரு வாக்கியம், மறுபடி மௌனம். அந்த மௌனத்தில் நீ என்ன சொல்லுவாயோ அதைச் சொல்லி அனுப்பு என்பேன். அவர்கள் சொன்னது நான் எழுதியதைவிட நன்றாக இருந்தால் அதையே போட்டுக்கொள்வேன். முக்கால்வாசி நேரம் நன்றாகத்தான் இருக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் போட்டுக்கொள்வேன்.

இந்த வேலையில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள் ஒரு பெண். தடா பக்கம் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. போக வர கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு என் மெசேஜைக் கேட்டுக்கொண்டே போவாள். கல்யாணமானவள், ஒரு பெண் குழந்தை. புருஷன் புத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு அவனே ஆட்டோவில் கொண்டுவந்து விடுவான், உள்ளே வர மாட்டான். நல்ல பையன் என்று நினைத்திருந்தேன். அவள் வீட்டில் "சாமி நாடகம்" என்று சொல்லி வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

அப்போது எழுதிக்கொண்டிருந்த நாடகத்தில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை. கம்பெனிக்குப் போகிற ஒரு பெண். புருஷன் இருக்கிறான், குழந்தை இருக்கிறது. கூட வேலை செய்கிற சென்னைப் பக்கத்து ஆள் ஒருவன் அவளைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. போகிறேன் என்று சொன்னால் ஒரு மாதிரி சவசவ என்று இருந்தது. போகவில்லை என்றால் அது வேறு மாதிரி சவசவ. பஸ்ஸில் யோசித்தேன், கடையில் யோசித்தேன், குளிக்கும்போது யோசித்தேன், வீட்டுக்காரி "உள்ள தூங்கிட்டியா?" என்று கதவைத் தட்டுகிறவரை யோசித்தேன். மேடைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. சரி, அவளிடமே கேட்போம் என்று மாடி அறைக்குப் போய்ப் பேசி அனுப்பினேன்.

"நாளைக்கு நான் தடா பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருப்பேன்." மௌனம். "துணிமணி ஒண்ணும் எடுத்துக்கினு வராத. நீ மட்டும் வா." மௌனம். "உன் ஊட்டுக்காரன் கேட்டா ஓவர்டைம்னு சொல்லு." நீண்ட மௌனம். அதோடு முடித்துவிட்டேன்.

பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. இன்னொரு மெசேஜ் பேசி அனுப்பினேன்: "இன்னா, ஒண்ணும் சொல்லாம கீறே? நானு எத்தினி நாளைக்கு இப்டியே காத்துக்கினு கெடப்பேன்? எனக்குத் தூக்கமே வர்ல. ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை."

இது நாடகம் இல்லை. நானே பேசியது.

அடுத்த நாள் காலை, கடையில் ஒரு காதுகுத்து பேனருக்கு வரி எழுதிக்கொண்டிருந்தேன். தாய்மாமன்கள் இரண்டு பேர் கண்ணாடி மேஜையில் சாய்ந்துகொண்டு, யார் படம் பெரிதாக வர வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அவள் புருஷன் இறங்கினான். முன் சீட்டிலிருந்து அவளும் இறங்கினாள். கம்பெனி யூனிஃபார்மில் இருந்தாள். மத்தியான ஷிப்டுக்குப் போக வேண்டியவள், அந்த நேரத்தில் திருப்பதியில். முகம் வீங்கியிருந்தது. அழுததாலா, வேறு எதனாலா என்று தெரியவில்லை. 

அவன் உள்ளே வந்தான்.  அவள் போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மெசேஜைப் போட்டான்.

"நாளைக்கு நான் தடா பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு இருப்பேன்."

கடையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் பெருமைப்பட்டுக்கொள்கிற என் வாசல் பேச்சு. 'அன்பே, அரசியே' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டுத் தொலைத்திருந்தால் நாடகம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அதுவும் அந்த மௌனங்கள்! ஒருவன் பேசுகிறான், எதிராளி பேசிய பதில் மட்டும் அழிக்கப்பட்டிருக்கிறது என்பது போலவே இருந்தது. தாய்மாமன்கள் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இது யார் கொரலு?" என்றான்.

"என் கொரல்தான் தம்பி. ஆனா இது நாடகம்."

"நாடகமா?" அடுத்த மெசேஜைப் போட்டான். எனக்குத் தூக்கமே வர்ல என்று என் குரல் கடை முழுக்கப் புலம்பியது. "இதுவும் நாடகமா சார்?"

"அது நாடகம் இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கேட்டியாடி? அவரே சொல்லிட்டாரு." அவள் பக்கம் திரும்பினான். "சாமி நாடகம், சாமி நாடகம்னு எங்கிட்ட சொல்லிக்கினு... நானே கொண்டாந்து உட்டுட்டுப் போறேன் பாரு, என்னையே செருப்பால அடிச்சிக்கணும்."

அவள் வாசல்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி கம்ப்யூட்டரிலிருந்து எழுந்து வந்து, "ஏமய்யிந்தி சார்?" என்று தெலுங்கில் என்ன நடந்தது என விசாரித்தார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், புரியாத மாதிரி இருப்பது அவர் வழக்கம். நான் பையிலிருந்து நாடகத் தாள்களை எடுத்து மேஜைமேல் பரப்பினேன். இதோ பாரு, முதல் காட்சி, இரண்டாவது காட்சி, இதோ அந்த வரி, அப்படியே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவன் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மேஜைமேல் போட்டான்.

"எனக்குத் தமிளு படிக்க வராது. அவளுக்கும் வராது. உங்க மொதலாளிக்கும் வராது. நீயே எளுதுவே, நீயே படிப்பே, நான் நம்பணுமா? நல்லா கீதே கத."

தாய்மாமன்களில் ஒருவராவது படிப்பார் என்று திரும்பினேன். இரண்டு பேரும் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். அவர்களும் தெலுங்கு மீடியம், பேனரைத் தமிழில் கேட்டது ஊர்ப் பெரியவர்களுக்காக.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஐம்பது தாண்டின மனுஷன், தலையெல்லாம் நரைத்துப்போனவன், நடுக்கடையில் நின்று நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. "இதப் பாருப்பா, எனக்கு உன் வயசுல புள்ள இருக்கான்" என்று கத்தினேன். அவன் அசரவில்லை. எனக்கென்ன, கத்திவிட்டு அடுத்த பேனருக்குப் போவேன். அவள்தான் இந்த ஆட்டோவிலேயே ஏறி இவனோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை போய்விடும், அது சின்ன விஷயம். வேலையை நிறுத்துவான். போனைத் திருப்பித் தர மாட்டான். ஊர் வாய்க்கு அவலாகிவிடுவாள். என் இரண்டு மெசேஜால் ஒருத்தியின் பிழைப்பே போகப்போகிறது என்று நினைத்தபோது, பரப்பிய தாள்களைச் சேர்த்து அடுக்க ஆரம்பித்தேன்.

அவன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான்.

"சரி சார். நாடகம்னே வெச்சிக்கோ. ஒருத்தன் வா வான்னு கூப்புட்றான். அவ எதுனா சொல்லணும்ல? இன்னா சொல்றா?"

நான் கடைசித் தாளைப் பார்த்தேன். 

"அத இன்னும் எழுதல."

"எளுதலயா?" சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது. "அவன் பேசுறத மட்டும் எளுதினே. அவ பேசுறது எளுதல. அதுக்குத்தான் ராத்திரி தூக்கம் வர்லயா?"

உண்மையில் அதுக்குத்தான். என்ன சொல்லி இவனை நம்பவைப்பேன்? ஒரு வரி வரவில்லை என்றால் ஒருவனுக்குத் தூக்கம் போகும் என்று என் வீட்டுக்காரியே இன்னும் நம்பவில்லை.

"நாடகம் எளுதுறவன்தானே நீ? இப்ப சொல்லு. இங்கியே சொல்லு. அவ இன்னா சொல்றா?"

முதலாளி மிஷினை நிறுத்திவிட்டார்.  நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக வராத வரிக்கு இப்போது வந்தே ஆக வேண்டிய கட்டாயம். நல்ல வரியா, கெட்ட வரியா என்று யோசிக்க நேரமில்லை. அவளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிற வரி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். மேடையில் இப்படி ஒன்றை வேறு யாராவது எழுதியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

"அவ சொல்றா," என்றேன், "எனக்கு என் புருசன் கீறாரு, என் கொழந்த கீது. எனக்கு அதுவே போதும். நீ வராத, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அப்டின்னு சொல்றா."

அவன் முகம் கொஞ்சம் இளகியது. தோள் இறங்கியது. "அப்டி சொல்றாளா?" என்று கேட்டான். ஒரு தாய்மாமன், "ஆங், நல்ல பொம்பள" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

"அவ அப்டி சொல்ல மாட்டா சார்."

அவள்தான். வாசல்படியிலிருந்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிப்பாவி, சும்மா இரேன், முடிந்துவிட்டது, போய் வண்டியில் ஏறேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் மெதுவாகத் திரும்பினான். மேஜைமேல் இருந்த அவன் கை இறுகியதை நான் பார்த்தேன்.

"அப்ப இன்னா சொல்லுவா?"

அவள் உள்ளே வந்தாள்.  பேச ஆரம்பித்தாள். அவள் ஒத்திகையில் பேசுகிற குரல் இல்லை அது.

"நீயும் நிக்கத்தான் கூப்புட்றியா? கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுக்கினே கீறேன். பஸ்ஸுலயும் எடம் இல்ல, நின்னுக்கினே வரேன். ஊட்டுக்கு வந்து அடுப்பாண்ட நிக்கிறேன். எல்லாரும் துன்னு முடிக்கிற வரிக்கும் நிக்கிறேன். இப்ப தடாவுல வந்து உன்னோட வேற நிக்கணுமா? நான் உன்னோடயும் வர்ல, எவனோடயும் வர்ல. ஊட்டுல இருக்கிறவனும் சரி, ரோட்டுல இருக்கிறவனும் சரி, சித்த உக்காருடின்னு ஒருத்தனாவது சொன்னீங்களாடா?"

 மேஜையில் சாய்ந்திருந்த தாய்மாமன்களில் ஒருவர் நிமிர்ந்து நின்றார்.  இவள் இன்றைக்கு அடி வாங்கப்போகிறாள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, வரி கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒருவன் குதித்தான். காதுகுத்து பேனருக்கு எழுதிக்கொண்டிருந்த தாளைத் திருப்பிப் பேனாவை எடுத்தேன்.  பாதி வரி காதில் நிற்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தாள். "இன்னா சொன்னேன் சார்? எனக்கு ஞாபகம் இல்ல. வாயில வந்துட்ச்சி."

"நிக்கத்தான் கூப்புட்றியான்னு ஆரம்பிச்சே."

"அப்டியா சொன்னேன்?" யோசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "வர்ல சார்."

போச்சு என்று நினைத்தேன். பேனாவை மூடப் போனேன்.

"கம்பெனில எட்டு மணி நேரம் நின்னுக்கினே கீறேன்."

அவன் சொன்னான். எங்களில் யாரையும் பார்க்காமல், நின்றுபோன மிஷினைப் பார்த்துக்கொண்டு. பாடம் ஒப்பிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி.

"பஸ்ஸுலயும் எடம் இல்ல, நின்னுக்கினே வரேன். ஊட்டுக்கு வந்து அடுப்பாண்ட நிக்கிறேன். எல்லாரும் துன்னு முடிக்கிற வரிக்கும் நிக்கிறேன்."

நான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கிறவரை அவன் காத்திருந்தான், அப்புறம் அடுத்ததைச் சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஊட்டுல இருக்கிறவனும் சரி என்ற இடத்தில் மட்டும் எச்சில் விழுங்கினான். அதையும் சொன்னான். கடைசி வரிவரைக்கும் சொன்னான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுதி முடித்தேன். அவன் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது அவளுடைய போன் என்று நினைவு வந்து, எடுத்து அவளிடம் நீட்டினான்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"சார், மேடையில இத சொல்லும்போது..." நிறுத்தினான். "எம் பேரு வராதில்ல?"

"வராதுப்பா" என்றேன்.